கடிதத்தை அவளிடம் காட்டியிருக்க வேண்டும்

கோடீசுவரக் குடும்பத்தின் ஒரே வாரிசான ஒரு பெண், அவளைக் காக்கச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முன்னாள் இராணுவ வீரன், அவளைக் கொல்லத் துடிக்கும் முகம் தெரியாத ஒருவன் ஆகிய மூவரை வைத்து எழுதப்பட்ட நாவல்களுக்கு ஆங்கிலத்தில் கணக்கில்லை. அவற்றுள் ஒன்றைக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கும் நாங்கள் சிலர், ஒரே பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து முடித்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டு வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்து பேசியபோது எழுந்த சச்சரவைத்தான் இங்கே எழுதுகிறேன். நாவலின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்கப் போகிறேன் என்பதால், இனிமேல் படிக்க இருப்பவர்களின் சுவையைக் கெடுக்க வேண்டாம் என்று கருதி அதன் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். இந்த வகை நாவல்களை விடாமல் படிப்பவர்கள் ஊகித்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

கதை சிகாகோ நகரத்தில் நடக்கிறது. கதாநாயகியின் தாத்தா தொடங்கிய ஹோட்டல் நிறுவனத்தின் பெரும்பகுதிப் பங்குகள் ஒரு டிரஸ்டில் இருக்கின்றன. அவளுக்கு முப்பது வயது நிறையும் நாளில் அவை அவள் பெயருக்கு வரும். அதுவரை அவற்றை நிர்வகிப்பவர், அவளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்ற குடும்ப வழக்கறிஞர். பிறந்தநாளுக்குச் சில மாதங்களே இருக்கும்போது மிரட்டல் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. அவளுடைய அப்பா பதறிப்போய் ஒரு மெய்க்காப்பாளனை நியமிக்கிறார். அவன் வந்த அன்றே வீட்டின் நடைமுறைகளை மாற்றுகிறான்: சன்னல் ஓரத்தில் உட்காரக் கூடாது, ஒரே வழியில் இரண்டு முறை போகக் கூடாது, தோழிகள் வருவதாக இருந்தால் முன்கூட்டியே பெயர் சொல்ல வேண்டும். அவள் எரிச்சலடைகிறாள். அவன் பேசாமல் எல்லாவற்றையும் ஒரு கறுப்பு நோட்டில் குறித்துக்கொள்கிறான். ஆனால் கடிதங்கள் வந்த செய்தியை அப்பாவும் அவனும் சேர்ந்து அவளிடமிருந்து மறைத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு ஏதோ நிறுவனத்தின் காப்பீட்டு நிபந்தனைக்காக என்று அவளிடம் சொல்லப்படுகிறது.

எங்கள் வராந்தாவில் வில்லன் யார் என்பதைப் பற்றியோ, இருவரும் எந்த அத்தியாயத்தில் மனம் திறக்கிறார்கள் என்பதைப் பற்றியோ பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்த சண்டை முழுவதும் இந்த மறைப்பைப் பற்றியதே.

அதற்கு முன்னால், இந்த வகை எழுத்தின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் 1980-இல் தொடங்கப்பட்டது. காதல் நாவலுக்கு அது வகுத்த இலக்கணத்தில் இரண்டே விதிகள் உள்ளன. மையத்தில் ஒரு காதல் கதை இருக்க வேண்டும்; மன நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு இருக்க வேண்டும். கனடாவில் 1949-இல் பிறந்த ஹார்லெக்வின் பதிப்பகம், காதலையும் மர்மத்தையும் கலந்து எழுதும் நாவல்களுக்கென்றே 1984-இல் ‘இன்ட்ரீக்’ என்னும் தனி வரிசையைத் தொடங்கியது. ஆகவே, இத்தகைய நாவலைக் கையில் எடுக்கும் எவருக்கும் கதாநாயகி சாகப்போவதில்லை என்பதும் அவர்கள் இருவரும் சேரப்போகிறார்கள் என்பதும் முதல் பக்கத்திலேயே தெரியும். முடிவு தெரிந்த கதையில் வாசகரை இருக்கையின் நுனிக்கு இழுத்து வர வேண்டும் என்பதுதான் இந்த எழுத்தாளர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை, அது எளிய வேலை அல்ல. நம்முடைய மாத நாவல்களில் இந்த இரண்டும் தனித்தனியாகவே வளர்ந்தன. நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய நாவல்களில், குடும்பக் காதலை அம்மாக்களும் கொலைக் கதைகளைப் பிள்ளைகளும் வாங்கினார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் ஓடவிடுவது நம் வாசகர்களில் பலருக்குச் சினிமா வழியாகவே பழக்கமானது. மெய்க்காப்பாளனும் அவன் காக்கும் பெண்ணும் என்ற ஒரே கதை 2010-இல் மலையாளத்திலும் 2011-இல் தமிழிலும் இந்தியிலும் வந்தபோது, எல்லையோர மாவட்டத்துக்காரர்களான எங்களில் சிலர் அதை இரண்டு மொழிகளில் பார்த்துவிட்டு, எது கொள்ளாம் என்று வாதம் செய்ததும் உண்டு.

நாவலின் நடுப்பகுதியில் ஒரு காட்சி வருகிறது. காவல் கெடுபிடியால் மூச்சு முட்டிய கதாநாயகி, தோழியின் ஓவியக் கண்காட்சிக்குப் பின்வாசல் வழியாகத் தப்பிச் செல்கிறாள். திரும்பும்போது கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் அவளைத் தாக்குகிறான். மெய்க்காப்பாளன் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து காப்பாற்றுகிறான். அதன்பின் இருவரும் ஏரிக்கரையில் உள்ள ஒரு மரவீட்டில் ஒளிந்திருக்கிறார்கள். அங்கே அவன் விறகு கொண்டுவர வெளியே போன நேரத்தில், அவள் அந்தக் கறுப்பு நோட்டைத் திறந்து பார்க்கிறாள். தொடக்கப் பக்கங்களில் அவள் வெறும் எண்ணாக இருக்கிறாள். அறையின் விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, எந்தக் காலணி அணிந்து வெளியே போனாள் என்பன போன்ற குறிப்புகள் மட்டுமே உள்ளன. சில பக்கங்களுக்குப் பிறகு எண் மறைந்து பெயர் வருகிறது. பிறகு, மாடிப்படியின் ஐந்தாம் படியில் அவள் எப்போதும் ஒரு கணம் நின்றுவிட்டு ஏறுகிறாள் என்றும், தூக்கம் வராத இரவுகளில் பால் காய்ச்சிவிட்டுக் குடிக்காமல் அப்படியே வைத்துவிடுகிறாள் என்றும் எழுதியிருக்கிறான். ஓரிடத்தில் “இன்று சிரித்தாள்” என்பதைத் தவிர அந்த நாளுக்கு வேறு குறிப்பே இல்லை. அதற்கு அடுத்த பக்கத்தில், மடித்து ஒட்டப்பட்ட ஐந்து மிரட்டல் கடிதங்களின் நகல்கள்.

இந்த ஒரு காட்சிக்காகவே அந்த ஆசிரியரை நான் மதிக்கிறேன். அவன் தன்னை நேசிக்கிறான் என்பதும், தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்பதும் ஒரே நோட்டிலிருந்து, ஒரு பக்கத்தைத் திருப்பும் நேரத்தில் அவளுக்குத் தெரிய வருகின்றன. காதலையும் மர்மத்தையும் கலப்பதாகச் சொல்லும் நாவல்களில் பெரும்பாலானவை முப்பது பக்கம் துப்பாக்கி, முப்பது பக்கம் முத்தம் என்று அடுக்கிக்கொண்டு போகின்றன. ஒன்று நடக்கும்போது மற்றது மூலையில் காத்திருக்கிறது. இங்கே கவனித்துப் பார்ப்பது என்ற ஒரே செயல் தொழிலாகவும் காதலாகவும் குற்றமாகவும் இருக்கிறது. பிரதியின் அந்தப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு ரப்பர் பால் கறை படிந்திருக்கிறது. அதிகாலையில் தன் சொந்தத் தோட்டத்தில் ரப்பர் வெட்டிவிட்டு வந்து, பால் உறையும் வரை படிக்கும் பழக்கமுள்ள எங்கள் நண்பர் ஒருவர், கை கழுவக்கூட எழுந்திருக்காமல் அந்த இடத்தைப் படித்ததாக ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தில் முதலில் வெடித்தவள், பொறியியல் படிக்கும் டீச்சரின் பேத்தி. நோட்டில் இருந்த காதல் வரிகளைப் படித்துக் கதாநாயகி கண்கலங்குவதையே அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தன் உயிருக்கு வந்த ஆபத்தைத் தன்னிடமே மறைத்தவனை ஒரே அத்தியாயத்துக்குள் மன்னிக்கும் பெண்ணை எழுதுவது வாசகிகளை அவமதிப்பது என்று அவள் சொன்னாள். என் மைனி (அண்ணி) அதை ஏற்கவில்லை. பயந்த சுபாவம் உள்ள பெண்ணிடம் போய், உன்னைக் கொல்லப் போகிறேன் என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான் என்று காட்டினால் அவள் சோறு தின்பாளா, தூங்குவாளா என்பது மைனியின் கேள்வி. மைனிக்குச் சொல்ல ஒரு சொந்த நியாயமும் இருந்தது. அவர் நாகர்கோவிலுக்குக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், பேருந்தில் ஒருவன் தொடர்ந்து பின்தொடர்ந்ததைக் கண்டுபிடித்த அவருடைய அண்ணன், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தினமும் மாலையில் நிறுத்தத்தில் வந்து நின்றிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்தே அதன் காரணம் மைனிக்குத் தெரிந்தது. அதை அவர் அன்பாகவே நினைவில் வைத்திருக்கிறார்.

இந்த மாவட்டத்துப் பெண்களில் இப்படியொரு கதை இல்லாதவர்கள் குறைவு. வெளிநாட்டு நாவலில் வரும் மெய்க்காப்பாளன் நமக்கு அந்நியனாகத் தோன்றாமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவன் செய்வதைச் சம்பளம் இல்லாமல் செய்யும் அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களும் காரணத்தைச் சொல்வதில்லை. பேத்தியோ விடவில்லை. ஒரு பெண்ணைப் பின்தொடர்வது 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டதையும், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவாக இருப்பதையும் எடுத்துச் சொல்லி, அந்த வழக்கில் முதல் சாட்சியாக நிற்க வேண்டியவளுக்கே விஷயம் தெரியாவிட்டால் வழக்கு எங்கே நிற்கும் என்று கேட்டாள். மைனி பதில் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் செய்தது தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

வாதத்தின் போக்கை மாற்றியவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மாமா. பணிக்காலத்தில் சில ஆண்டுகள் முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர் அவர். வயதையும் சுபாவத்தையும் பார்த்தால் மைனியின் பக்கம் பேசுவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் நாவலைப் பென்சிலோடு படித்திருந்தார். பக்க ஓரங்களில் “இங்க ரெண்டு பேர் வேணும்”, “வண்டி தலை திருப்பி நிறுத்தல”, “இவன் எப்பம் தூங்குகான்?” என்றெல்லாம் சிறிய எழுத்தில் குறித்து வைத்திருந்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தை மறைக்கும் அத்தியாயத்தைத் திறந்து, “அந்தப் பிள்ளைட்ட சொல்லாம எப்பிடி காவல் காக்க முடியும்? அது எந்த வாசல் வழியா எறங்கிப் போவும்னு நமக்குத் தெரியாதுல்லா?” என்று கேட்டார்.

அவருடைய வாதத்தில் பெண்ணின் உரிமை என்ற பேச்சே இல்லை. அது முழுக்கத் தொழில் சார்ந்த வாதம். காக்கப்படுபவர் ஒத்துழைக்காவிட்டால் பி.எஸ்.ஓ. (தனிப் பாதுகாப்பு அதிகாரி) என்ன சூரனாக இருந்தும் பயனில்லை என்பார் அவர். ஆபத்து இன்னதென்று தெரிந்த மனிதர் சன்னலிலிருந்து தானே விலகி உட்காருவார்; தெரியாதவர் விதியை மீறுவதையே வீரமாக நினைப்பார். கதாநாயகி பின்வாசல் வழியாகக் கண்காட்சிக்குப் போனது அவளுடைய பிடிவாதத்தால் என்று நாவல் சொல்கிறது. மாமாவின் கணக்கில் அது மெய்க்காப்பாளனின் தவறு. கார் நிறுத்துமிடத் தாக்குதல் முழுவதும் அந்த ஒரு மறைப்பின் விளைவு என்று அவர் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். ஆசிரியர் அந்தத் தாக்குதலைக் கதாநாயகனின் பெருமையைக் காட்டுவதற்காக எழுதியிருக்க, பென்சில் பிடித்த ஒரு வாசகர் அதையே அவன்மீதான குற்றப்பத்திரிகையாக மாற்றிவிட்டார். பேத்தி எழுந்து போய் மாமாவுக்கு இன்னொரு கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

இதற்குச் சான்றாக மாமா எடுத்துக்காட்டியது, பாதுகாப்புத் துறையில் உள்ளவர்களிடையே இன்றும் பேசப்படும் ஒரு நிகழ்ச்சி. 1974 மார்ச் 20 அன்று இலண்டனில் இளவரசி ஆனின் காரை ஒருவன் வழிமறித்துக் கடத்த முயன்றான். மெய்க்காப்பாளரான ஜேம்ஸ் பீட்டனின் துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் தன் உடலையே இடையில் நிறுத்தி மூன்று குண்டுகளை வாங்கினார். பின்னர் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. எல்லோரும் இதுவரை மட்டுமே சொல்வார்கள். காரிலிருந்து இறங்கு என்று துப்பாக்கியை நீட்டியவனிடம் இளவரசி முடியாது என்று மறுத்து, பேச்சுக் கொடுத்து நேரத்தை நீட்டித்ததும் சேர்ந்துதான் அந்த முயற்சியை முறியடித்தது என்பதை மாமா அழுத்திச் சொன்னார். காக்கப்படுகிறவரும் காவலில் ஒரு ஆள் என்பது அவருடைய கட்சி. நாவலாசிரியருக்கு இது தெரிந்திருந்தால், கடிதங்களைப் பார்த்துவிட்ட கதாநாயகி அவனோடு சேர்ந்து திட்டமிடும் ஒரு நாவலை எழுதியிருக்கலாம். அதில் காதலுக்கும் இடம் குறைந்திருக்காது.

தொழில் சார்ந்த வேறு குறைகளையும் அவர் அடுக்கினார். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது தூக்கம் பற்றியது. ஒரே ஆள் இரவும் பகலும் மாதக்கணக்கில் காவல் காப்பது நடக்காத காரியம். ஷிஃப்ட் இல்லாத பாதுகாப்பு பாதுகாப்பே இல்லை. நம் நாட்டில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், சாதாரணக் காவலர் ஒருவருக்கே நூறு மணி நேர வகுப்பும் அறுபது மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. முன்னாள் இராணுவத்தினருக்கு அது நாற்பதும் பதினாறுமாகக் குறைகிறது. நாவலின் நாயகனோ இராணுவத்திலிருந்து வந்த மறுவாரமே கோடீசுவரர் வீட்டு வாசலில் நிற்கிறான். காதல் கதைக்கு ஒற்றை ஆள் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது; ஷிஃப்ட் மாற இன்னொருவன் வந்து நின்றால் மரவீட்டில் என்ன நடக்க முடியும்? அந்த மரவீட்டில் ஒரே ஒரு கட்டில் மட்டும் இருப்பதும் இவ்வகை நாவல்களில் தவறாமல் வரும் தற்செயல் என்பதால், அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, சிரித்தார்கள்.

வளைகுடா நாட்டில் பணியாற்றிவிட்டு விடுமுறையில் வந்திருந்த நர்ஸ் ஒருவர் மட்டும் மரவீட்டு அத்தியாயங்களை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டார். ஒருவருடைய உயிர் இன்னொருவர் கையில் இருக்கும்போது, அந்த இன்னொருவர் காதலைச் சொல்வது நியாயமில்லை என்பது அவருடைய நிலை. நோயாளி நன்றியில் சொல்வதை நர்ஸ் காதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதல் ஆண்டிலேயே தங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மொனாக்கோ இளவரசி ஸ்டெபனி தன் முன்னாள் மெய்க்காப்பாளரை 1995-இல் மணந்து அடுத்த ஆண்டே விவாகரத்துப் பெற்றதை யாரோ நினைவுபடுத்த, அவர் அதைத் தன் கட்சிக்குச் சாதகமாகப் பதிவு செய்துகொண்டார். நான் அவரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். நாவலில் அவள்தான் முதலில் நெருங்குகிறாள், அதுவும் கடிதங்களைப் பார்த்து, அவனோடு சண்டை போட்டு, இனி எதையும் மறைப்பதில்லை என்று வாக்கு வாங்கிய பிறகே. அந்த வரிசையை ஆசிரியர் கவனமாக அமைத்திருக்கிறார். ஆனால் சண்டையை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு அதன்பின் வந்ததை முப்பது பக்கம் எழுதியதுதான் பேத்தியின் கோபத்துக்கு உண்மையான காரணம்.

வில்லனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கூட்டத்தின் தனித்தன்மை அங்கேதான் வெளிப்பட்டது. நாவல் பாதிவரை, அவளைப் பித்துப்பிடித்தாற்போல் பின்தொடரும் ஒருவன் கடிதங்களை எழுதுவதாக நம்ப வைக்கிறது. பழைய காதலன், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓட்டுநர், எதிர்வீட்டு இளைஞன் என்று சந்தேகத்துக்குரியவர்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. டீச்சரோ மூன்றாம் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வழக்கறிஞரைக் காட்டிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, “அவ செத்தா சொத்து யாருக்காக்கும் போவும்? அவனப் பிடிச்சா போதும்லா” என்றார். வராந்தாவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவருக்கு ஓரிரு அத்தியாயங்கள் பின்னால்தான் இருந்தார்கள். கண்டுபிடிக்காதவர், வேறு மாவட்டத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்த ஒருவர் மட்டுமே.

சொத்து ஒரு பெண்ணுக்கு வருவதென்பது இந்த மண்ணில் எவ்வளவு பெரிய வழக்கு என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மருமக்கள் வழியாக, அதாவது சகோதரியின் மக்களுக்குச் சென்ற காலத்தில், காரணவர் எனப்பட்ட குடும்பத் தலைவரின் மனைவியும் மக்களும் பட்ட பாட்டைத்தான் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மான்மியமாகப் பாடினார். சிரிக்கச் சிரிக்கப் படித்துவிட்டு, கடைசியில் வயிறு எரிய மூடிவைக்க வேண்டிய நூல் அது. அந்த முறையைத் திருத்தும் சட்டம் 1926-இல் திருவிதாங்கூரில் வந்தது. கிறித்தவக் குடும்பங்களுக்கு இருந்த 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் வாரிசுரிமைச் சட்டம் வேறு விதமானது: உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் முதல் நாளோடு செல்லாததாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. 1951-இல் கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதனால் அந்தத் தீர்ப்பு கேரளத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை, இங்குள்ள வீடுகளிலும் பேசப்பட்டது. இந்துக் குடும்பங்களில் கூட்டுக்குடும்பச் சொத்தில் திருமணமாகாத மகள்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் 2005-இல் வந்தது. இவ்வளவையும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், தங்கச்சியின் கையெழுத்து என்று வீட்டுக்குள் பார்த்து வளர்ந்தவர்கள், ஒரு வாரிசுப் பெண்ணுக்கு மிரட்டல் கடிதம் வந்தால் தெருவில் நிற்பவனைத் தேட மாட்டார்கள். பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அதனால்தான் நாவலின் மிகப் பெரிய ஓட்டை எங்களுக்கு வேறிடத்தில் தெரிந்தது. முப்பது வயதுக்கு முன்பு அவள் இறந்தால் பங்குகள் யாருக்குப் போகும் என்பதை ஆசிரியர் ஒரே ஒரு வாக்கியத்தில், அதுவும் வில்லனின் வாக்குமூலத்தில் மட்டும் சொல்கிறார். உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு ஏன் எதுவும் கிடைக்காது, டிரஸ்டிக்கு அதில் என்ன ஆதாயம், தணிக்கை நடந்தால் அவர் எடுத்த பணம் வெளியே வருமா என்பவற்றுக்குப் பதில் இல்லை. கொலை செய்வதற்குக் காரணம் பணம் என்று வைத்துவிட்டு, அந்தப் பணம் எந்த வழியில் நகர்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது, மர்மக் கதையில் மன்னிக்க முடியாத சோம்பல் என்று நான் நினைக்கிறேன். ஏரியின் மேல் பனி இறங்குவதற்குக் கொடுத்த பக்கங்களில் ஒன்றை உயிலுக்குக் கொடுத்திருக்கலாம். மேலும், ஞானத்தந்தையே கொல்லத் துணிந்தது கதாநாயகியை எப்படி உலுக்கியிருக்க வேண்டும்! அதை ஆசிரியர் ஒரு அழுகையோடு முடித்துவிட்டு உடனே மருத்துவமனைக் காட்சிக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் கதாநாயகன் தோளில் குண்டு வாங்கிவிட்டான். தோளில் பட்ட குண்டுக்கு இந்த நாவல்களில் இருக்கும் மரியாதை அலாதியானது. வலிக்கும், ஆனால் திருமணத்துக்குள் ஆறிவிடும்.

முடிவைப் பற்றி ரப்பர் வெட்டும் நண்பர் சொன்னது கவனிக்கத்தக்கது. கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். காவலனும் காதலனுமான ஒருவனின் கதை என்றால் அவருக்கு முத்துப்பட்டன் கதைதான் அளவுகோல். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துச் சகோதரிகள் இருவரை மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் துறந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் மாடு திருட வந்தவர்களை வென்ற பின்பும், ஒளிந்திருந்த ஒருவனின் கையால் சாகிறான் பட்டன். செத்தவன் தெய்வமாகிறான். காவல் என்றால் அதற்கொரு விலை உண்டு என்று நம் பாட்டுகள் சொல்ல, இந்த நாவல் அந்த விலையைத் தோளில் ஒரு கட்டோடு கழித்துவிடுகிறது என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான், ஆனால் அளவுகோல் வேறு. மகிழ்ச்சியான முடிவு கிடைக்கும் என்ற உறுதியின்பேரில்தான் வாசகி இந்தப் புத்தகத்தை வாங்குகிறாள். மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் இத்தகைய நாவல்களைப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் போய் நாயகன் செத்துவிட்டான் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவன் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தை மறைத்ததற்கு அவன் ஏதாவது இழந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்: சில மாதங்கள் பிரிவோ, வேலையோ, குறைந்தபட்சம் அவளுடைய முழு நம்பிக்கையோ.

கடைசி அத்தியாயத்தில் அவள் நிறுவனத்தின் தலைவியாகிறாள். அவன் அதே நிறுவனத்தின் பாதுகாப்புத் துறைக்குத் தலைவனாகிறான். சம்பளம் யார் கையெழுத்துப் போடுவார் என்று நர்ஸ் கேட்டார். அப்பாவைப் பற்றிய பேச்சே அந்த அத்தியாயத்தில் இல்லை. மறைப்பில் சரிபாதிப் பங்காளி அவர், மகளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமலேயே திருமணத்தில் அவளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். மைனி உட்பட எவருக்கும் இது சரியாகப் படவில்லை. அன்றைய மாலையில் எல்லோரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

அந்த மெய்க்காப்பாளனை அனுப்பிய பாதுகாப்பு நிறுவனத்திலேயே பணியாற்றும் ஒரு பெண் மெய்க்காப்பாளரை நாயகியாகக் கொண்ட அடுத்த நாவலும் வெளிவந்திருக்கிறது. இவ்வகை எழுத்தில் ஒரு புத்தகம் ஓடிவிட்டால் துணைப் பாத்திரங்கள் எல்லோருக்கும் முறைவைத்துக் கல்யாணம் நடக்கும். பேத்தி அதைக் கிண்டிலில் வாங்கிப் பாதி படித்துவிட்டாள். அதில் காக்கப்படும் பாடகனிடம் முதல் அத்தியாயத்திலேயே மிரட்டல் குறுஞ்செய்தியைக் காட்டிவிடுகிறார்களாம். ஆணுக்கு மட்டும் உடனே காட்டிவிட்டார்கள் பார்த்தீர்களா என்று அவள் இப்போது எல்லோரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிண்டிலில் பென்சிலால் குறிக்க முடியாது என்பதால், மாமா அச்சுப் பிரதிக்காகக் காத்திருக்கிறார்.